பெறுமானமும் சுட்டும்: பொருள்நோக்குக் கணனி மொழிகளின் வரலாற்றில் ஒரு தெரிவு

விரிவுரைக் குறிப்புகளை நண்பனொருவனுக்குக் கொடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. குறிப்புகளைப் பிரதிசெய்து அவன் கையிற் கொடுத்துவிடலாம். அல்லது, "என் அறையில் இரண்டாந் தட்டில் நீல மட்டைக் கொப்பி இருக்கிறது, வேண்டும்போது எடுத்துப் பார்" என்று சொல்லிவிடலாம். முதல் வழியில், அவன் தன் பிரதியில் எதை வெட்டினாலும் எதைச் சேர்த்தாலும் நம் கொப்பிக்கு ஒன்றும் நேராது. ஆனால் நாம் பின்னர் திருத்திய பிழை அவனைச் சென்றடையவும் மாட்டாது. இரண்டாம் வழியிற் பிரதிசெய்யும் உழைப்பு மிச்சமாகும். நமது திருத்தமும் உடனே அவனுக்குக் கிட்டும். ஆனால் பரீட்சைக்கு முதல்நாள் இரவு அக்கொப்பியின் பக்கங்கள் கிழிந்திருக்கக் காணின், அது இருக்கும் இடத்தை அறிந்த அனைவரையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

கணனிக்குச் செய்நிரல் எழுதுவோர் இவ்விரு வழிகளுள் ஒன்றை அன்றாடம் தெரிவுசெய்கின்றனர். ஒரு மாறியினுள் தரவே நேராக உறையுமாயின் அத்தரவு பெறுமான வகையைச் சார்ந்தது எனப்படும். தரவு நினைவகத்தில் வேறோரிடத்தில் இருக்க, அவ்விடத்தைக் காட்டும் குறி மட்டும் மாறியினுள் இருக்குமாயின் அது சுட்டு வகையைச் சார்ந்தது எனப்படும். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துக்களைக் கற்றுத் தேறிய தமிழ் மாணவருக்கு இச்சொல்லாட்சி அந்நியமாகத் தோன்றாது என நம்புகின்றேன்.

கணனி நூல்கள் பல இத்தெரிவை வேகம், நினைவகச் சிக்கனம் என்பன பற்றிய பிரச்சினையாகவே எடுத்துரைக்கின்றன. சிறிய தரவாயின் பெறுமானம், பெரிய தரவாயின் சுட்டு என ஒரு வாய்பாட்டையும் தந்துவிடுகின்றன. வரலாற்று நோக்கில் இது முழு உண்மையன்று. இத்தெரிவின் அடியில் இருப்பது, "இது அதுவேயா, அன்றி அதுபோன்ற இன்னொன்றா?" என்னும் பழைய மெய்யியல் வினாவாகும். அவ்வினாவிற்கு விடையளிக்கும் உரிமை யாருக்கு உரியது என்பதிற்றான் கணனி மொழிகள் ஒன்றோடொன்று முரண்பட்டு வந்துள்ளன. மொழியை ஆக்கியோர் தீர்மானிப்பதா, தரவு வகையை வரைவோர் தீர்மானிப்பதா, அதனை எடுத்தாள்வோர் ஒவ்வொரு முறையும் தீர்மானிப்பதா? கலைப்பீட மாணவர் ஒருவர் இப்பொருளிற் கைவைப்பதற்கு இதனையே நியாயமாகக் கூறவேண்டியுள்ளது.

பொருள்நோக்கு மொழிகள் தோன்றுமுன்னரே இச்சிக்கல் தலைகாட்டியது. ஐ.பி.எம். நிறுவனம் 1957இல் வெளியிட்ட போட்ரான் மொழி, 1958இல் வந்த இரண்டாம் பதிப்பிலே துணைச் செய்நிரல்களை எழுத இடமளித்தது. துணைச் செய்நிரலுக்கு அனுப்பப்படும் தரவின் முகவரியையே அனுப்புவது அதன் வழக்கமாயிருந்தது. ஒன்று என்னும் எண்ணைத் துணைச் செய்நிரலுக்கு அனுப்பி, அத்துணைச் செய்நிரல் தனக்குக் கிடைத்ததை இரண்டாக மாற்றிவிட்டதெனக் கொள்வோம். பழைய தொகுப்பிகள் சிலவற்றில், அதன்பின் செய்நிரலில் 'ஒன்று' என எழுதப்பட்ட வேறு இடங்களிலும் இரண்டே கிடைத்தது! நகைப்பிற்கிடமான இக்கதை ஓர் உண்மையைக் காட்டுகின்றது. மாறவியலாதது என நாம் கருதும் ஒன்றைக் கூட, சுட்டின் வழியாகப் பகிர்ந்துகொண்டால், பிறர் மாற்றிவிடக்கூடும். 1960இல் உருப்பெற்ற அல்கோல் மொழி, துணைச் செய்நிரலுக்குத் தரவினைப் பெறுமானத்தால் அனுப்புவதா, பெயரால் அனுப்புவதா என எழுதுவோரே குறிப்பிட வேண்டுமென விதித்தது இப்பின்னணியிற் கருதற்பாலது.

பொருள்நோக்குச் சிந்தனையின் பிறப்பிடம் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவாகும். அங்குள்ள நோர்வே கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய கிறிஸ்ரன் நிகார்ட், ஓல-யோஹான் டால் என்னும் இருவரும் 1960களில் உருவாக்கிய மொழி சிமுலா எனப்பட்டது. பெயரே காட்டுவதுபோல, உலகில் நிகழும் செயல்களைக் கணனியிற் பாவனை செய்து ஆராய்வதே அம்மொழியின் நோக்கமாயிருந்தது. நிகார்ட் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமொன்றிற் செயற்பாட்டாய்வில் ஈடுபட்டிருந்தவர். வரிசைகள், காத்திருப்புகள், பணிமனைகள் ஆகியனவே அவர்தம் கவனத்தைக் கவர்ந்தவை. 1966ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விருவரும் ஆராய்ந்துகொண்டிருந்த எடுத்துக்காட்டு, சுங்கம் அறவிடும் பாலமொன்றில் லொறிகளும் பஸ் வண்டிகளும் வரிசையிற் காத்துநிற்றல் பற்றியது. பின்னாளிற் பொருள்நோக்கு மொழிகள் அனைத்திற்கும் உரிய பொதுச்சொத்தாகிவிட்ட மரபுரிமை என்னும் கருத்து, அதாவது வாகனம் என்ற பொதுவகையிலிருந்து லொறியும் பஸ்ஸும் கிளைத்தல் என்னும் கருத்து, அப்பாலத்திலேயே பிறந்தது.

அப்பாலத்தின்மேற் சற்று நின்று பார்ப்பது நன்று. வரிசையில் நிற்கும் பஸ் வண்டி ஒன்றை ஒரு மாறியிலிருந்து இன்னொரு மாறிக்கு இடுவதாகக் கொள்வோம். இடும்போது பிரதி உண்டாகுமாயின் பஸ் இரண்டாகிவிடும். ஒன்று பாலத்தைக் கடந்து போக, மற்றது வரிசையிலேயே நிற்கும். அல்லது ஒரே வண்டி இருமுறை சுங்கம் செலுத்தும். பஸ்ஸிற்கு ஒரு வரலாறு உண்டு. அது எப்போது வந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பவை அந்த வண்டிக்கே உரியவை. நிறம், இருக்கைகள், பயணிகள் தொகை எல்லாம் ஒத்திருப்பினும் இன்னொரு பஸ் அந்த பஸ் ஆகாது. எனவே சிமுலாவிற் பொருள்கள் அனைத்தும் சுட்டின் வழியாக மட்டுமே அணுகப்பட்டன. மறுபுறம், அவ்வண்டி காத்திருந்த ஏழு நிமிடம் என்பது வேறு. ஏழு என்பதற்குப் பிறப்புமில்லை, வரலாறுமில்லை. எங்கு பிரதி செய்தாலும் அது ஏழேயாகும். ஆதலால் எண்கள் அம்மொழியிற் பெறுமானங்களாகவே இருந்தன.

1967 மே மாதத்தில் ஒஸ்லோவின் அயலிலுள்ள லீஸெபுவில் நடைபெற்ற மாநாட்டில் அறிமுகமான சிமுலா 67 மொழியில், இந்த வேறுபாடு எழுத்திலேயே தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது என்பதே யான் வலியுறுத்த விரும்புவது. ஒரு பெறுமானத்தை மாறியில் இடுவதற்கு முக்காற்புள்ளியும் சமன்குறியும் சேர்ந்த குறி பயன்பட்டது. சுட்டினை இடுவதற்கோ முக்காற்புள்ளியும் சிறுகோடும் சேர்ந்த வேறொரு குறி வேண்டப்பட்டது. ஒப்பிடுவதற்கும் அவ்வாறே இரு குறிகள். பெறுமானங்கள் சமனா என வினவ ஒற்றைச் சமன்குறி. இரண்டு சுட்டுகளும் ஒரே பொருளைக் காட்டுகின்றனவா என வினவ இரட்டைச் சமன்குறி. எழுத்துத் தொடர்களைப் பொறுத்தவரை இவ்விரு இடுகைகளும் அனுமதிக்கப்பட்டன. ஒன்றாற் சொற்கள் பிரதியாகும். மற்றதால் இரு பெயர்களும் ஒரே தொடரைச் சுட்டும். செய்நிரலின் ஒரு வரியை மட்டும் தனியே படிப்பவருக்குங் கூட அங்கு நிகழ்வது பிரதியா பகிர்வா என்பது தெளிவாயிருந்தது. பின்வந்த மொழிகள் பலவும் இந்தத் தெளிவை வீண் சுமையெனக் கருதிக் கைவிட்டன. அது பெரும் இழப்பென்றே எனக்குத் தோன்றுகின்றது.

சிமுலாவின் சுட்டு முறைக்கு வித்திட்டவர் ஓர் ஆங்கிலேயர். எனினும் பிறந்த மண் நமது. சேர் ரொனி ஹோர் 1934 சனவரியிற் கொழும்பிற் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் மேர்ட்டன் கல்லூரியில் அவர் கற்றது கணிதமோ பொறியியலோ அன்று. கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் மெய்யியலுமே. கணனித்துறை தமக்குரியதன்று என ஒதுங்கும் கலைப்பீட மாணவர்கள் இதனைச் சிறிது மனங்கொள்வாராக. ஹோர் 1965இல் எழுதிய கட்டுரையொன்றிற் பதிவு வகுப்புகள் என்னும் கருத்தையும், இன்ன வகுப்பைச் சேர்ந்த பதிவையே சுட்டலாம் என வரையறுக்கப்பட்ட சுட்டுகளையும் முன்மொழிந்தார். வகையறியாச் சுட்டு எதையும் காட்டும்; தவறான இடத்தையும் காட்டும். வகை வரையறுக்கப்பட்ட சுட்டினையோ, செய்நிரல் ஓடத் தொடங்குமுன்னரே தொகுப்பி பரிசோதித்துவிடும். 1966இல் பிரான்சின் வில்லார்-த-லான்ஸ் என்னும் ஊரில் நடைபெற்ற கோடைகாலப் பயிலரங்கில் ஹோர் இதுபற்றி விரிவுரையாற்றினார். அதே பயிலரங்கில் டாலும் கலந்துகொண்டார். சிமுலா 67 இன் வகுப்பு என்னும் கருத்தில் அவ்விரிவுரையின் செல்வாக்கு ஆழமானது.

ஆனால் அம்முன்மொழிவில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. எதையும் சுட்டாத சுட்டு, வெற்றுச் சுட்டு, அதுவே. பஸ் என்று பெயரிட்ட மாறி எந்த பஸ்ஸையும் காட்டாதிருக்கலாம். அதைக் கவனியாது அதன் பயணிகளை எண்ணப் புகுந்தால் செய்நிரல் தடம்புரளும். செய்துமுடிக்க மிக எளிதாயிருந்தமையாற் சபலத்திற்கு இடங்கொடுத்து அதனைச் சேர்த்துவிட்டதாக 2009இல் லண்டனில் நிகழ்த்திய உரையில் ஹோரே ஒப்புக்கொண்டார். அவ்வுரையில் அதனை நூறுகோடி டொலர்த் தவறென்று அவர் வருணித்தமை இன்று கணனியுலகிற் பழமொழிபோல் வழங்குகின்றது. தன் நாற்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய தீர்மானத்தைத் தானே குற்றமென்று மேடையேறிச் சொல்லும் அறிஞரை நாம் அடிக்கடி காண்பதில்லை.

சுட்டு ஒன்றே போதும் என்னும் துணிபினை அதன் எல்லைவரை கொண்டுசென்றது ஸ்மோல்ரோக் மொழி. அமெரிக்காவிற் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் அலன் கே முதலானோர் 1970களில் இதனை வளர்த்தெடுத்தனர். அதில் எண்கள் உட்பட அனைத்தும் பொருள்களே. சிறிய முழுவெண்களை மட்டும் சுட்டினுள்ளேயே ஒளித்துவைக்கும் உபாயமொன்று உள்ளே கையாளப்பட்டது. எழுதுவோர் அதை அறியவேண்டிய தேவையிருக்கவில்லை.

அதே பத்தாண்டில் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பார்பரா லிஸ்கோவும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய க்ளூ மொழி வேறொரு கோணத்தைக் காட்டிற்று. பொருள்களை அவர்கள் மாறுந்தன்மையன, மாறாத்தன்மையன என இருவகைப்படுத்தினர். ஒரு பொருள் ஆக்கப்பட்டபின் ஒருபோதும் மாறாதாயின், அதைப் பிரதிசெய்து கொடுத்தாலும் பகிர்ந்து கொடுத்தாலும் பெறுபவருக்கு வேறுபாடு தெரியாது. பக்கம் கிழிக்கவோ மையிடவோ முடியாத கொப்பியை ஆயிரம் பேர் பகிர்ந்தாற்றான் என்ன? 1982இல் புரூஸ் மக்லெனன் பெறுமானங்களும் பொருள்களும் பற்றி எழுதிய கட்டுரை இவ்வேறுபாட்டினை மெய்யியல் தெளிவுடன் நிலைநாட்டியது. பெறுமானம் காலத்திற்கு அப்பாற்பட்டது. ஆக்கலும் அழித்தலும் மாற்றலும் அதற்கில்லை. பொருளோ காலத்தினுள் வாழ்வது. தோன்றும், மாறும், பகிரப்படும், அழியும். இவ்வாறு நோக்கின், பெறுமான வகையும் சுட்டு வகையும் நினைவக ஏற்பாட்டின் இரு முறைகள் மட்டுமல்ல, நாம் பேசப்புகும் விடயத்தின் இரு இயல்புகளுமாம்.

எனினும் நினைவக ஏற்பாட்டினைப் புறக்கணித்து மெய்யியல் மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதை டென்மார்க்கிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்த ஆய்வு மாணவரொருவர் தம் அனுபவத்தாற் கண்டார். பியார்ண ஸ்ரௌஸ்ற்றப் 1970களின் பிற்பகுதியிற் கலாநிதிப் பட்ட ஆய்வின்பொருட்டுச் சிமுலா மொழியிற் பாவனைச் செய்நிரலொன்றை எழுதினார். சிந்திப்பதற்கும் எழுதுவதற்கும் சிமுலா மிக உகந்ததென அவர் கண்டார். ஆனால் செய்நிரல் பெருத்தபோது அதன் ஓட்டம் நொண்டியது. சுட்டப்படாது கைவிடப்பட்ட பொருள்களைத் தேடி நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பு வேலைக்கே ஓட்ட நேரத்தின் 80 சதவீதத்திற்கு மேல் செலவாவதை அளவீடுகள் காட்டின. அவருடைய செய்நிரல் குப்பை எதனையும் உண்டாக்கவில்லை என்பதே இதில் வேடிக்கை! இறுதியில் முழுவதையும் பி.சி.பி.எல். என்னும் தாழ்நிலை மொழியில் திருப்பி எழுதினார். அவ்வாறான துன்பம் இனி வேண்டாமென்ற உறுதியோடு 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அவர் தொடங்கிய முயற்சியே 1985இற் சந்தைக்கு வந்த சீ பிளஸ் பிளஸ் மொழியாக மலர்ந்தது.

இம்மொழியில் வகுப்பினால் ஆக்கப்படும் பொருள், எண்ணைப் போலவே மாறியினுள் நேராக உறையலாம். சுட்டு வேண்டுவோர் வெளிப்படையாகக் கேட்டுப் பெறவேண்டும். ஒரே வகுப்பை ஓரிடத்திற் பெறுமானமாகவும் இன்னோரிடத்திற் சுட்டின் வழியாகவும் எடுத்தாளலாம். ஆகவே தெரிவின் உரிமை எடுத்தாள்வோரிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமையோடு ஆபத்தும் வந்தது. வாகனம் என்ற பொதுவகை மாறியினுள் பஸ் ஒன்றைப் பெறுமானமாக இட்டால், வாகனத்திற்குரிய பகுதி மட்டும் பிரதியாகிப் பஸ்ஸிற்குரிய மிகுதி வெட்டுண்டு போகும். எழுதுவோர் இதனை 'சீவுதல்' என்றே அழைக்கின்றனர். இது தற்செயலான குறைபாடன்று. பெறுமானமாக உறைவதற்குப் பொருளின் பருமன் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மரபுரிமையோ, இன்னும் எழுதப்படாத கிளைவகைகளுக்கும் இடம்விட வேண்டும் என்கின்றது. இரண்டும் ஓரிடத்தில் ஒத்துவாழ்வது அரிது. பின்னர் தோன்றிய மொழிகளிற் பெறுமான வகைகளுக்குப் பெரும்பாலும் மரபுரிமை மறுக்கப்பட்டமைக்கு இதுவே காரணமாகும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் ஆக்கி 1995இல் வெளியிட்ட ஜாவா, அந்த உரிமையைத் திரும்பப் பறித்தது. எட்டு அடிப்படை வகைகள் மட்டும் பெறுமானங்கள். ஏனைய யாவும் சுட்டுகள். எழுதுவோர் தாமாக ஒரு பெறுமான வகையைப் படைக்க வழியில்லை. எளிமையின் பெயரால் இவ்விதி நியாயப்படுத்தப்பட்டது; சீ பிளஸ் பிளஸ்ஸிற் சலிப்புற்றிருந்தோர் அதனை மனமுவந்து வரவேற்றனர். தம் மொழியிற் சுட்டிகளே இல்லையென அதனை ஆக்கியோர் பெருமைப்பட்டனர். ஆயினும் ஜாவா கற்போர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வழுவின் பெயர் வெற்றுச் சுட்டி வழு என்பதாகும்.

இந்த எளிமையின் விலை விரைவிலேயே தெரிந்தது. 1997இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாவாவின் பாதுகாப்பில் ஓட்டையொன்றைக் கண்டுபிடித்தனர். வலையினூடாக வந்திறங்கும் செய்நிரற் துண்டொன்றை நம்பலாமா என்பதை, அதில் ஒப்பமிட்டவர் யாரென்பதைக்கொண்டு ஜாவா தீர்மானித்தது. ஒப்பமிட்டோர் பட்டியலைக் கேட்டால் தருவதற்கு ஒரு வழியும் இருந்தது. அவ்வழி பட்டியலின் பிரதியைத் தரவில்லை. முறைமையினுள்ளே இருந்த மூலப் பட்டியலின் சுட்டினையே தந்தது. பெற்றுக்கொண்ட செய்நிரல் அப்பட்டியலில் நம்பிக்கைக்குரிய வேறொருவர் பெயரை எழுதிக்கொண்டு அவருக்குரிய அதிகாரங்களைத் தனதாக்கிக்கொள்ள முடிந்தது. காவலாளி தன் பெயரேட்டை வருவோர் கையிலேயே பேனாவோடு கொடுத்தமைக்கு இது ஒப்பாகும். எழுதியவரின் அறியாமையென்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் மூலத்தைத் தருவதும் பிரதியைத் தருவதும் எழுத்தில் ஒரேமாதிரித் தோன்றும் மொழியிலே, அவ்வரியைப் படித்துப் பார்த்த கண்கள் எத்தனை பேருடையவாயிருப்பினும் ஐயுறக் காரணமில்லை.

அச்சத்தினாற் பிரதியெடுத்தல் ஜாவாவில் ஒரு பழக்கமாயிற்று. திரையிலுள்ள பெட்டியொன்றின் நீள அகலங்களைத் தரும் வகுப்பு, மாற்றப்படக்கூடியதாக அமைந்துவிட்டமையால், யாரேனும் அளவைக் கேட்கும்போதெல்லாம் புதிய பிரதியொன்றை ஆக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜோசுவா ப்ளொக் 2001இல் வெளியிட்ட நூலில் இதனை எச்சரிக்கைக்குரிய உதாரணமாகக் காட்டியுள்ளார். திகதிக்குரிய வகுப்பும் அவ்வாறே மாறுந்தன்மையதாய் அமைந்து, ஒருவர் பிறந்த நாளை இன்னொருவர் அறியாமல் மாற்றிவிட இடமளித்தது. மாறாத் திகதிகள் ஜாவாவின் பொது நூலகத்திற்கு வந்தது 2014இலேயாம். எழுத்துத் தொடர்களை மட்டும் முதல்நாளிலிருந்தே மாறாதனவாக வைத்தமை அம்மொழியின் பெரும் பேறு. க்ளூ காட்டிய வழி அதுதான்.

மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2000இல் அறிவித்து 2002இல் வெளியிட்ட சீ ஷார்ப் மொழியின் தலைமை ஆக்குநர் அண்டர்ஸ் ஹைல்ஸ்பேர்க். முன்னர் டெல்பி மொழியில் பதிவு, வகுப்பு ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பழகியவர் அவர். சீ ஷார்ப்பில் தெரிவுரிமை தரவு வகையை வரைவோர் கைக்குச் சென்றது. அமைப்பு என அறிவித்தாற் பெறுமானம். வகுப்பு என அறிவித்தாற் சுட்டு. அறிவித்தபின் எடுத்தாள்வோருக்கு வேறு வழியில்லை. எப்போது அமைப்பினைத் தெரிவது என்பதற்கு அந்நிறுவனம் வழங்கிய வழிகாட்டல், அது தனியொரு பெறுமானத்தைக் குறிக்க வேண்டும், 16 பைற்றுக்கு உட்பட வேண்டும், மாறாததாயிருக்க வேண்டும், அடிக்கடி பொருளாகப் பொதிசெய்யப்படாததாயிருக்க வேண்டும் என்கின்றது. இவற்றில் அளவு பற்றியதும் பொதிதல் பற்றியதும் சிக்கனத்தைச் சார்ந்தவை. முதலாவதும் மூன்றாவதும் இயல்பைச் சார்ந்தவை. ஆயினும் நடைமுறையிற் பலரும் 16 என்னும் எண்ணையே நினைவிற் கொள்கின்றனர். எண்ணை நினைவிற் கொள்வது சுலபமன்றோ!

யோசித்துத் தீர்மானித்த இந்த ஏற்பாட்டிலும் ஒரு மயக்கம் எஞ்சியது. ஒன்றை இன்னொன்றில் இட்டுப் பின் அதன் ஓர் உறுப்பை மாற்றும் இரண்டு வரிகளைப் படிப்பவர், மூலமும் மாறுமா இல்லையா என்பதை அவ்வரிகளைக்கொண்டு அறிய இயலாது. அவ்வகை எங்கோ அமைப்பென்று அறிவிக்கப்பட்டுள்ளதா, வகுப்பென்றா எனத் தேடிச் செல்லவேண்டும். சாளரமொன்றின் இருப்பிடத்தைக் கேட்டு அதன் கிடை ஆள்கூற்றை மட்டும் மாற்ற முயன்றால் சீ ஷார்ப் தொகுப்பி மறுத்துவிடுகின்றது. கேட்டுப் பெற்றது பிரதி. பிரதியை மாற்றுவதாற் சாளரம் அசையாது. அம்மறுப்பைக் கண்டு திகைக்கும் புதியவர்களுக்கு ஒஸ்லோவின் இரட்டைக் குறிகள் கைகொடுத்திருக்கும்.

அப்பிள் நிறுவனம் 2014 யூனில் அறிமுகஞ்செய்த சுவிப்ட் மொழி, பெறுமானத்தையே இயல்பான தெரிவாக்கி, எழுத்துத் தொடர், அணி, அகராதி ஆகியவற்றையும் பெறுமானங்களாக்கியது. பெரிய அணிகளை எந்நேரமும் பிரதிசெய்தால் வேகம் குன்றுமே எனின், மாற்றம் நிகழும் கணம் வரை உள்ளே பகிர்ந்து வைத்திருந்து, மாற்றும்போது மட்டும் பிரதியெடுப்பது அதன் உத்தி. சுவாரசியமானது யாதெனில், முதல் பரீட்சார்த்தப் பதிப்பில் அணிகள் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தன. அணியின் நீளம் மாறினாற் பிரதி. உள்ளே ஓர் உறுப்பு மட்டும் மாறினாற் பகிர்வு. சிக்கனத்தை முன்னிட்டுச் செய்த இச்சமரசம் எவருக்கும் விளங்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே, யூலையில் வந்த மூன்றாம் பரீட்சார்த்தப் பதிப்பில், அணிகள் முழுப் பெறுமானங்களாக மாற்றியமைக்கப்பட்டன. சிக்கனத்தைக்கொண்டு இயல்பைத் தீர்மானிக்க முயன்றதன் விளைவிற்கு இதனிலும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

ஜாவாவும் தன் பழைய தீர்மானத்தை மறுபரிசீலனை செய்ய 2014இல் வல்ஹாலா என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தூண்டுகோல் சிக்கனமே என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டு முழுவெண்களாலான புள்ளியொன்றிற்கு உண்மையில் வேண்டுவது 8 பைற்று. நெடுங்காலம் வழக்கிலிருந்த 64 பிற் ஜாவா அமைப்பில் அப்புள்ளி, தலைப்பும் நிரப்பும் சேர 24 பைற்றுப் பொருளாகி, அதனைக் காட்டும் சுட்டுக்கு மேலும் 4 பைற்றை வேண்டிற்று. பத்து இலட்சம் புள்ளிகளாயின் 80 இலட்சம் பைற்றுக்குப் பதில் 2 கோடியே 80 இலட்சம். அவை நினைவகமெங்கும் சிதறிக்கிடப்பின் ஒவ்வொன்றையும் தேடிச் செல்லும் தாமதம் வேறு. 1995இல் நினைவகத்தை அணுகுவதற்கும் ஓர் எண்ணைக் கூட்டுவதற்கும் இடையிலிருந்த நேர வித்தியாசம் சிறியது. பின்னர் செயலிகள் விரைந்த வேகத்திற்கு நினைவகம் ஈடுகொடுக்கவில்லை.

ஆனால் திட்டம் முன்னேற முன்னேற, பேச்சு நினைவகத்திலிருந்து தனியடையாளத்திற்குத் திரும்பிற்று. தரவை நேராக உறையவைப்பது எப்படி என்று கேட்கத் தொடங்கியவர்கள், இவ்வகுப்பின் பொருள்களுக்குத் தனியடையாளம் வேண்டுமா என்று வரைவோரைக் கேட்கும் முறைக்கு வந்துசேர்ந்தனர். வேண்டாமென விட்டுக்கொடுத்தால், உறையவைப்பதா சுட்டுவதா என்பதை முறைமையே பார்த்துக்கொள்ளும். இரட்டைச் சமன்குறி உள்ளடக்கத்தை ஒப்பிடும். இரட்டைச் சமன்குறியின் பழைய குழப்பம் எத்தகையதென்பதற்கு 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு தந்த உதாரணமே போதும். அதிற் பொதிசெய்யப்பட்ட முழுவெண்களுள், சிக்கனம் கருதி, -128 முதல் 127 வரையுள்ளவை முன்னரே ஆக்கிவைக்கப்பட்டுப் பகிரப்பட்டன. ஆகவே 127 என்று தனித்தனியே பொதிந்த இரண்டை ஒப்பிட்டால் 'ஆம், ஒன்றே' என விடை வரும். 128 என்று பொதிந்த இரண்டை ஒப்பிட்டாற் பொதுவாக 'இல்லை' என வரும். ஏழு எப்போதும் ஏழே என்று சிமுலாவின் பாலத்தருகே நின்று கூறினோம். 128இற்கு அந்த மதிப்புக் கிட்டவில்லை!

வெற்றுச் சுட்டின் கதையையும் இங்கு முடித்துவிடலாம். பெறுமான வகையில் மாறி எப்போதும் ஏதோவொரு பெறுமானத்தைக் கொண்டிருக்க வேண்டுமாதலால் வெறுமைக்கு இடமில்லை. ஹோரின் தவறு அங்கு நிகழாது எனப் பலரும் எண்ணினர். சீ ஷார்ப்பில் திகதி ஒரு பெறுமான வகை. எதுவும் இடப்படாத திகதி உறுப்பொன்று முதலாம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நள்ளிரவைக் காட்டும். பிறந்த திகதி அறியப்படாத ஒருவரை, ஈராயிரம் வயதினராகக் காட்டும் பதிவேட்டைவிட, தெரியாது என்று கூறும் பதிவேடே மேல் என்பதை அம்மொழியினர் உணர்ந்தனர். சுட்டுகளே இல்லாத அவ்விடத்தில், வெறுமையையும் ஏற்கும் பெறுமான வகைகள் 2005இல் அதன் இரண்டாம் பதிப்பிற் கேட்டுப் பெறப்பட்டன.